அந்தக் கையெழுத்துக்கு என்ன அவசரம்?

(பத்திரப்பதிவுத் துறையில் எழுத்தராகச் சேர்ந்து, சார்பதிவாளராக ஓய்வு பெற்ற நம் பத்தியாளர், பெண்ணியம் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில் சொல்கிறார். கேட்டவர்களின் பெயர்களை அவரே வேண்டாம் என்று நீக்கச் சொல்லிவிட்டார்.)

கல்லூரிப் பேச்சுப் போட்டியில் 'நான் ஒரு பெண்ணியவாதி' என்று சொன்னேன். வீடியோவைப் பார்த்த சித்தி, 'இப்படிப் பேசினால் நாளைக்கு யார் பெண் கேட்டு வருவாங்க' என்று அம்மாவிடம் சண்டை. அம்மாவோ, 'எல்லாம் செய், அந்தப் பேரை மட்டும் சொல்லிக்காதே' என்கிறார். அந்தப் பெயர் இல்லாமலே உரிமை பேச முடியாதா மேடம்?
– மாணவி, திருநெல்வேலி

பேசலாம் பாப்பா. நானே ரொம்ப காலம் அப்படித்தான் பேசினேன். பதவி உயர்வு, மாறுதல், பேறுகால விடுப்பு என்று எல்லாவற்றுக்கும் மல்லுக்கு நிற்பேன். யாராவது 'மேடம் பெண்ணியவாதியோ?' என்றால், 'அதெல்லாம் இல்லை சார், விதிப்படி கேட்கிறேன்' என்று நழுவிவிடுவேன்.

அது மாறியது ஒரு கழிப்பறையால். வாடகைக் கட்டடத்தில் இருந்த ஒரு சின்ன அலுவலகம். காலை ஒன்பது மணிக்குக் கிராமத்திலிருந்து வருகிற பெண்களுக்குச் சில நாள் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் டோக்கன் கூப்பிடுவார்கள். ஆண்கள் சுவரோரம் ஒதுங்கிக்கொள்வார்கள். பெண்கள் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். பின்பக்கம் இருந்த கழிப்பறைக்குப் பூட்டு. பொதுமக்களுக்குத் திறந்துவிடலாம் என்று கூட்டத்தில் சொன்னேன். மேலிருந்து வந்திருந்த அதிகாரி, 'மேடம் பெண்ணியம் பேச ஆரம்பிச்சுட்டாங்க' என்றார். எல்லோரும் சிரித்தார்கள். 'ஆமாம் சார், அதைத்தான் பேசறேன். சாவி யார்கிட்ட இருக்கு?' என்று கேட்டேன். அன்று சாயங்காலமே சாவி வந்தது.

ஏன் வந்தது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். தனி ஆளாகக் கேட்டால் சலுகை கேட்கிறாள் என்பார்கள். பெண்ணியவாதி என்று சொல்லிக் கேட்டால், இவள் பின்னால் இன்னும் பத்துப் பேர் வருவார்களோ என்று ஒரு சின்னப் பயம். எனக்குப் பின்னால் அன்றைக்கு யாரும் இல்லை. அது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

முன்னால் நிறையப் பேர் இருந்தார்கள். நீ அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் உன் கணக்கில் மாதம் 1000 ரூபாய் விழும். அந்தப் புதுமைப் பெண் திட்டம் 2022 இல் வந்தது. அதன் முழுப் பெயரில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் இருக்கிறார். தேவதாசி முறையை அதன் உள்ளிருந்து பார்த்துவிட்டு, அதற்கு எதிராக ஊர் ஊராகப் பேசிய பெண்மணி. 1989 இல் அவர் பெயரில் முதலில் வந்தது திருமண உதவித் திட்டம். கல்யாணத்துக்குக் கொடுத்த பணம் இப்போது படிப்புக்குப் போகிறது. அவரைக் கேட்டிருந்தால் முதலிலேயே இதைத்தான் சொல்லியிருப்பார் என்பது என் எண்ணம்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள். அந்தப் பேர் நடத்தைச் சான்றிதழ் இல்லை. பெண்ணியவாதி என்றால் தைரியசாலி, தப்பே செய்யாதவள், எந்த நேரமும் எரிந்து விழுகிறவள் என்று ஆளாளுக்கு ஒன்றை ஒட்டுவார்கள். என் உடம்பு, என் நேரம், என் சம்பாத்தியம், எனக்கு வரவேண்டிய பங்கு – இவற்றில் முடிவெடுக்க ஓர் ஆணுக்கு இருக்கும் உரிமை எனக்கும் உண்டு, எல்லாப் பெண்ணுக்கும் உண்டு என்கிற நிலைப்பாடு, அவ்வளவுதான். அம்மாவின் பயத்தைக் கேலி செய்யாதே. கல்யாணச் சந்தையில் என்ன பேசுகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். சித்தியிடம் மட்டும் சொல்: சிலர் பெண் கேட்டு வராமல் இருப்பதும் ஒரு சௌகரியம்தான்.

என் மனைவி வேலைக்குப் போகிறார், விருப்பப்படி உடுத்துகிறார், தோழிகளுடன் சினிமா, சுற்றுலா எல்லாம் போகிறார். நான் எதையும் தடுத்ததே இல்லை. ஏடிஎம் கார்டுகூட அவரிடம்தான். நண்பர்கள் என்னைப் பெண்ணியவாதி என்று கேலி செய்கிறார்கள். நான் அப்படித்தானே அம்மா?
– வாசகர், ஈரோடு

தம்பி, நீங்கள் நல்ல மனிதர், அதில் சந்தேகம் இல்லை. மற்றதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் விவரம் வேண்டும். இட்லி மாவு தீர்ந்துபோனது உங்களுக்கு எப்போது தெரியவரும்? முந்தின நாள் ராத்திரியா, தட்டு முன்னால் உட்கார்ந்த பிறகா? பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து எத்தனை மில்லி? உங்கள் அம்மாவின் சர்க்கரை மாத்திரை எந்த டப்பாவில்? பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் இருப்பது யார் எண்? அவர் சுற்றுலா போகும் நாட்களில் வீட்டுக்குச் சமையல் யார், அல்லது எந்த ஓட்டல்?

மத்திய அரசு 2019 இல் நாடு முழுக்க ஒரு கணக்கெடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அப்போது ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். அந்த 97 கூட, வீட்டு வேலை செய்கிற ஆண்களின் சராசரி. செய்யாதவர்கள் அந்தச் சராசரிக்குள்ளேயே வரவில்லை.

சாலை விபத்தில் கணவனும் மனைவியும் இறந்துபோன ஒரு வழக்கில், வேலைக்குப் போகாத அந்த மனைவிக்கு என்ன வருமானம் வைத்து இழப்பீடு கணக்கிடுவது என்ற கேள்வி 2021 இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. வீட்டு உழைப்புக்கும் பண மதிப்பு உண்டு என்று, இதே கணக்கெடுப்பை எடுத்துக் காட்டித்தான் நீதிபதி ரமணா எழுதினார். 2023 இல் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. கணவர் சவூதியில் சம்பாதித்து அனுப்ப, மனைவி இங்கே பிள்ளைகளையும் குடும்பத்தையும் பார்த்துக்கொண்டார். அந்த உழைப்பும் சொத்து வாங்குவதில் சேர்ந்ததுதான், அவருக்கும் சம பங்கு உண்டு என்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார்.

அதனால் கார்டு யாரிடம் என்பதோடு, வீடு யார் பெயரில் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. நல்ல விஷயம். மனைவி பெயரில் வாங்குவது புதிதும் இல்லை. அப்படி வாங்கிவிட்டு, விற்கும்போது விலை என்னவென்றுகூடச் சொல்லாமல் 'இங்கே ஒரு கையெழுத்துப் போடு' என்று அழைத்துவந்த கணவர்களை என் மேசைக்கு எதிரே நிறையப் பார்த்திருக்கிறேன். வாங்கியவர் என்று பத்திரத்தில் அந்த அம்மா பெயர்தான் இருக்கும். மனை எந்தத் தெருவில் என்று கேட்டால் கணவரைத் திரும்பிப் பார்ப்பார்.

பதிலை எனக்கு எழுத வேண்டாம். வீட்டில் கேளுங்கள், அங்கே மார்க் போடுவார்கள்.

தாலி, பூ, பொட்டு எல்லாம் வைத்துக்கொண்டு பெண்ணியம் பேசலாமா?
– வாசகி, காரைக்குடி

நான் மூன்றையும் வைத்துக்கொண்டுதான் பேசிக்கொண்டிருக்கிறேன். சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கிய 1967 ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தத்தை எடுத்துப் பாருங்கள். இருவரும் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லலாம், மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம், எதுவானாலும் திருமணம்தான், புரோகிதர் வேண்டியதில்லை என்கிறது. அந்தச் சட்டத்திலேயே தாலிக்கு இடம் இருக்கிறது, கட்டாயம்தான் இல்லை. கணவர் போன பிறகு அந்த மூன்றையும் பிடுங்குவதற்கு நாலு பேர் வருகிறார்களே, அப்போது நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று கேட்டால் அது கேள்வி.

எனக்கு 1987 இல் கல்யாணம். அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய 3 ஏக்கர் புஞ்சையும் ஒரு வீடும் இருக்கிறது. உயில் எழுதவில்லை. அம்மாவும் இல்லை. நான், தங்கை, அண்ணன் மூன்று பேர். வரும் வெள்ளிக்கிழமை நல்ல நாளாம், பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வரச் சொல்கிறார் அண்ணன். '89க்கு முன்னால் கல்யாணம் ஆனவளுக்குப் பங்கே கிடையாது, சும்மா ஒரு சாங்கியம்' என்கிறார். என் மகள், 'போட்டால் நீ பெண்ணியமே பேசாதே' என்கிறாள். போடாவிட்டால் பிறந்த வீடு போய்விடும். என்ன செய்ய அக்கா?
– வாசகி, சிவகங்கை மாவட்டம்

தங்கச்சி, முதலில் கணக்கு. அப்பா சுயமாகச் சம்பாதித்தது, உயில் இல்லை, அம்மாவும் இல்லை என்றால் மூன்று பேருக்கும் சம பங்கு. உங்களுக்கு ஒரு ஏக்கர், வீட்டில் மூன்றில் ஒன்று. 1956 ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலிருந்தே இப்படித்தான். எப்போது கல்யாணம் ஆனது என்ற பேச்சே இதில் இல்லை.

அண்ணன் சொல்லும் 89 பூர்விகச் சொத்து பற்றியது. பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பிறப்பிலேயே பங்கு என்று தமிழ்நாடு 1989 இல் சட்டம் கொண்டுவந்தபோது, அந்த வருடம் மார்ச் 25க்கு முன் கல்யாணம் ஆனவர்களை விட்டுவிட்டது. 2005 இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டபோது அந்தப் பாகுபாடும் போனது. 2005 இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை என்று 2020 இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. குடியிருக்கும் வீட்டில் ஆண் வாரிசுகள் பிரிக்கும்வரை மகள் பாகம் கேட்க முடியாது என்று ஒரு பிரிவு முன்பு இருந்தது. அதையும் 2005 இல் எடுத்தாயிற்று. பங்கே இல்லை என்றால் எதை விடுதலை செய்யப் பத்திரம் என்று அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

செங்கல்பட்டில் 1929 இல் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை என்று தீர்மானம் போட்டார்கள். பூர்விகச் சொத்திலும் அது இங்கே சட்டமாக 60 வருடம் ஆனது. சட்டம் வந்த பிறகு நான் பார்த்தது என்ன? வேன் வைத்து அக்கா தங்கைகளைக் கூட்டிவருவார்கள். காலை டிபன், ஆளுக்கொரு புடவை, தலைக்கு மல்லிகை. அண்ணன் மனைவி காபி பிளாஸ்க்கோடு நிற்பார். 'எழுதிக்கொடுத்தது நீங்கள்தானா, படித்துப் பார்த்தீர்களா?' என்று கேட்பேன். அந்தப் பெண் அண்ணனைப் பார்த்துவிட்டு, 'சம்மதம்தாங்க' என்பார். பத்திரத்திலும் 'பிறர் தூண்டுதல் இன்றி, முழு மனதுடன்' என்றுதான் டைப் ஆகியிருக்கும். எழுதிக்கொடுத்ததை ஒப்புக்கொள்கிறாரா என்று கேட்பதோடு என் நாற்காலியின் அதிகாரம் முடிந்தது.

கையெழுத்துப் போட்டால் நீங்கள் பெண்ணியவாதி இல்லை என்று ஆகிவிடாது. மகளிடம் சொல்லுங்கள். தனக்கு உரியதைக் கொடுப்பதும் உரிமைதான். ஆனால் என்ன கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். பத்திரத்தின் வரைவை முன்கூட்டியே வாங்கி, வீட்டில் வைத்து நிதானமாகப் படியுங்கள். வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். வழிகாட்டி மதிப்பு பதிவுத் துறை இணையதளத்திலேயே இருக்கிறது, பக்கத்துக் காட்டு விலையை ஊரில் விசாரியுங்கள். நிலமாக வேண்டாம், பணமாகக் கொடு என்று கேட்கலாம். அரை ஏக்கர் வைத்துக்கொண்டு மீதியை விட்டுக்கொடுக்கலாம். பதிந்த விடுதலைப் பத்திரம் பதிந்ததுதான். அப்புறம் மனசு மாறினால் சிவில் கோர்ட்டுக்குத்தான் நடக்க வேண்டும். வெள்ளிக்கிழமைகள் நிறைய வரும்.

'சீர் செஞ்சாச்சே, நகை போட்டாச்சே' என்பார்கள். அதைக் கழித்துக்கொண்டு பங்கு கொடு என்று சட்டத்தில் எங்கும் இல்லை. அந்த நகையில் எத்தனை பவுன் இன்னும் உங்கள் கையில் இருக்கிறது என்று நீங்களே யோசியுங்கள்.

அப்பா அம்மாவைக் கடைசிவரை பார்த்தது அண்ணன்தான் என்றால், அதற்கு மதிப்பு உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் பார்த்தது யார்? படுக்கையில் கிடந்தவருக்குத் துடைத்து, கஞ்சி ஊட்டி, துணி அலசியது அண்ணியாக இருந்தால், 'என் பங்கை அண்ணி பெயருக்கு எழுதித் தர்றேன்' என்று சொல்லிப் பாருங்கள். அவர் கூட்டுப் பங்குதாரர் இல்லை என்பதால் அது விடுதலைப் பத்திரம் ஆகாது. வேறு பத்திரம் எழுத வேண்டும், முத்திரைக் கட்டணமும் கூடும். இருந்தாலும் சொல்லுங்கள். அந்த நிமிடம் அண்ணன் முகத்தில் தெரிவதை வைத்தே நீங்கள் முடிவெடுக்கலாம்.

பிறந்த வீடு போய்விடுமா என்றால், போகலாம். பொய் சொல்ல மாட்டேன். சிலர் மகள் கல்யாணத்துக்கு அத்தை வேண்டும் என்று திரும்பி வருவார்கள், சிலர் வரவே மாட்டார்கள். ஒரு ஏக்கருக்காகப் போகிற உறவு எந்த மாதிரி உறவு என்று மேடையில் கேட்பது சுலபம். தீபாவளிக்குப் போக வீடு இல்லாமல் இருக்கப்போவது நீங்கள், பேச்சாளர் இல்லை. அதனால் போடுங்கள், போடாதீர்கள் என்று இரண்டையும் நான் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம்.

பெண்ணுக்குப் பெண்தானே எதிரி? என் மாமியாரைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.
– வாசகி, கும்பகோணம்

பார்க்காமலே சொல்கிறேன். உங்கள் மாமியார் பெயரில் வீடு இருக்கிறதா? பென்ஷன்? மகன் மாதம் தவறாமல் கொடுக்கும் பணத்தைத் தவிர அவருக்கென்று ஏதாவது வரும்படி? இல்லையென்றால், அவருடைய ஆயுள் சேமிப்பு உங்கள் கணவர்தான். அதைத்தான் நீங்கள் கல்யாணம் செய்துகொண்டு வந்திருக்கிறீர்கள். மனிதர்கள் எல்லோரும் தங்கம் என்று சொல்ல வரவில்லை. கொடுமைக்காரிகளும் உண்டு. அந்த மாதிரி இருந்தால் பொறுத்துப்போகச் சொல்ல மாட்டேன், குடும்ப வன்முறைச் சட்டம் 2005 அவர் மேலும் பாயும்.

ஆனால் இரண்டு பெண்கள் சமையலறையில் சண்டை போடும்போது, கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டு இருப்பவரை ஏன் யாரும் கட்சி சேர்ப்பதில்லை? அவரைக் கூப்பிட்டு நடுவில் நிற்கவையுங்கள். பாதிச் சண்டை அவர் செய்திருக்க வேண்டிய வேலையைப் பற்றியதாக இருக்கும்.

எங்கள் ஊரில் மகளிர் தினக் கூட்டம் நடத்துகிற ஒரு மேடம் வீட்டில் வேலை செய்கிறேன். மேடையில் அருமையாகப் பேசுவார். அவர் வீட்டில் எனக்குத் தனி டம்ளர். பெண்ணியம் என்பது அவர்களுக்குத்தானே, எங்களுக்கு என்ன?
– வாசகி, விழுப்புரம் மாவட்டம்

அந்த அம்மாவுக்காக நான் வாதாடப் போவதில்லை. தனி டம்ளர் வைத்திருக்கும் கையால் பெண்ணியம் பற்றிப் பேச மைக் பிடிக்கக்கூடாது. 'அவர் நல்லவர்தான், பழக்க தோஷம்' என்று யாராவது உங்களிடம் சொன்னால் அதையும் ஏற்காதீர்கள்.

ஆனால் 'அவர்களுக்குத்தானே' என்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. அலுவலகத்தில் பெண்களுக்குப் பாலியல் தொல்லை கொடுத்தால் விசாரிக்கக் குழு இருக்கிறதே, ஏசி அறையில் வேலை பார்க்கும் பெண்களெல்லாம் நம்பியிருக்கிற அந்தப் பாதுகாப்பு யாரிடமிருந்து வந்தது? ராஜஸ்தானில் பட்டேரி என்ற கிராமத்தில் பன்வாரி தேவி என்று ஒரு பெண். குயவர் சாதி. அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் ஊர்மட்ட ஊழியர். 1992 இல், வசதியும் செல்வாக்கும் உள்ள குஜ்ஜர் குடும்பத்தில் நடக்க இருந்த குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் பார்த்தார். அதற்குப் பழிவாங்க, கணவர் கண் முன்னாலேயே அவரைக் கூட்டாகப் பலாத்காரம் செய்தார்கள். 1995 இல் விசாரணை நீதிமன்றம் அவர்களை அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்தது. உயர்ந்த சாதி ஆண்கள் அந்தச் சாதிப் பெண்ணைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்கிற மாதிரி அதில் ஒரு காரணமும் இருந்தது. பன்வாரிக்கு நடந்த கொடுமையைப் பார்த்துக் கொதித்துப்போன பெண்கள் அமைப்புகள், அந்தத் தீர்ப்புக்கு முன்பே, 1992 இல் உச்ச நீதிமன்றம் போயிருந்தன. 1997 இல் விசாகா நெறிமுறைகள் வந்தன. 2013 இல் அது சட்டமானது. 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்புகார்க் குழு வேண்டும் என்பது அந்தச் சட்டம்தான்.

பன்வாரி தேவிக்கு அந்த வழக்கில் நியாயம் கிடைக்கவில்லை. அவர் பட்ட பாட்டில் வந்த சட்டம் எல்லோருக்கும் கிடைத்தது. இதைச் சொல்லாமல் விசாகா என்று மட்டும் பாடம் எடுக்கிற கூட்டங்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். எரிச்சலாக இருக்கும்.

அந்தச் சட்டத்தில் வீட்டு வேலை செய்பவர்களும் உண்டு. உங்களைப் போன்றவர்கள் புகார் கொடுக்க மாவட்டந்தோறும் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்க வேண்டும், ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். டம்ளர் விஷயம் தனி. நீங்கள் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால் அது தீண்டாமை, அதுவே குற்றம். வேறு வீடு கிடைத்தால் மாறிவிடுங்கள், போகும்போது காரணத்தையும் அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

பெண்கள் சட்டங்களை வைத்துப் பொய் வழக்குப் போடுகிறார்கள். ஆண்கள் பாவம் இல்லையா?
– வாசகர், சேலம்

பொய் வழக்குப் போடுகிறவர்கள் உண்டு. பொய்ப் பத்திரம், போலிப் பட்டா, ஆள்மாறாட்டம் எல்லாம் நான் பார்த்திருக்கிறேன், அதற்காகப் பத்திரப்பதிவையே நிறுத்திவிடச் சொல்லி யாரும் கேட்டதில்லை. நீங்கள் மனதில் வைத்திருப்பது, மனைவியைக் கொடுமை செய்யும் கணவர் மேலும் அவர் வீட்டார் மேலும் பாயும் 498ஏ பிரிவு, இப்போது அது புதிய குற்றவியல் சட்டத்தில் 85 ஆம் பிரிவு. புகார் வந்ததும் இயந்திரம்போலக் கைது செய்யாதே, அவசியம் இருந்தால் மட்டும் செய் என்று 2014 லேயே உச்ச நீதிமன்றம் போலீசுக்குக் கட்டளை போட்டுவிட்டது. அப்புறம், நீங்கள் வரதட்சணை வாங்கினீர்களா என்பதை எழுதவில்லையே.

ஜவுளிக்கடையில் சேல்ஸ் வேலை. காலை பத்திலிருந்து ராத்திரி ஒன்பது வரை நின்றே இருக்க வேண்டும். கால் நரம்பெல்லாம் சுருண்டு விட்டது. இதைக் கேட்டால் பெண்ணியமா, தொழிற்சங்கமா?
– வாசகி, மதுரை

இரண்டும்தான், நீங்கள் எதைச் சொல்லிக் கேட்டாலும் முதலாளிக்குப் பிடிக்காது. கேரளத்தில் கடைகளில் வேலை செய்த பெண்கள் சேர்ந்து போராடி 2018 இல் உட்காரும் உரிமையை வாங்கினார்கள். தமிழ்நாட்டில் 2021 இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லா ஊழியருக்கும் இருக்கை வைக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும் என்று சேர்த்தார்கள். இது ஆண் ஊழியர்களுக்கும்தான். தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். தனியாகப் போகாதீர்கள், இரண்டு மூன்று பேராகப் போங்கள்.

வயது 47. கல்யாணம் ஆன வருடமே கணவர் இறந்துவிட்டார். குழந்தை இல்லை. மாமனார் வீட்டில் அன்றோடு தொடர்பு விட்டுப்போயிற்று. பிறகு படித்து வேலைக்கு வந்து, என் சம்பளத்தில் ஒரு ஃப்ளாட் வாங்கியிருக்கிறேன். எனக்குப் பிறகு அது இப்போது என்னோடு இருக்கும் அம்மாவுக்கு, அதற்குப் பிறகு தோழியின் மகளுக்கு. இதை எங்காவது எழுதிவைக்க வேண்டுமா? யாரையும் சாராமல் இருப்பதுதான் என் பெண்ணியம்.
– வாசகி, திருச்சி

எழுதிவைக்க வேண்டும், இந்த மாதமே. நீங்கள் இந்து என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். உயில் இல்லாமல் நீங்கள் போனால், உங்கள் சம்பளத்தில் வாங்கிய அந்த ஃப்ளாட் உங்கள் அம்மாவுக்கு வராது. கணவனும் பிள்ளையும் இல்லாத பெண்ணின் சொத்து, முதலில் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். வாரிசுரிமைச் சட்டத்தின் 15 ஆம் பிரிவு அப்படித்தான் இருக்கிறது. பெற்றோரிடமிருந்து வந்த சொத்து மட்டும் அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பும்.

நடந்த வழக்கே இருக்கிறது. நாராயணி தேவி என்ற பெண்ணுக்கு 1955 இல் கல்யாணம். மூன்று மாதத்துக்குள் கணவர் பாம்பு கடித்து இறந்துபோனார். புகுந்த வீட்டில் துரத்திவிட்டார்கள். பெற்றோர் படிக்கவைத்தார்கள், வேலைக்குப் போனார், சேர்த்துவைத்தார். 1996 இல் உயில் எழுதாமல் இறந்தார். 2009 இல் உச்ச நீதிமன்றம் அவருடைய சேமிப்பைக் கணவருடைய சகோதரியின் மகன்களுக்குக் கொடுத்தது. அனுதாபம் வேறு, சட்டம் வேறு என்று சொல்லிவிட்டார்கள். இந்தப் பிரிவை இன்னும் மாற்றாமல் வைத்திருக்கிறார்களே என்று எனக்கு இப்போதும் கோபம் வரும்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைத்தாள் போதும். நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும், அதைப் பார்த்து இரண்டு சாட்சிகள் போட வேண்டும். பதிவு கட்டாயம் இல்லை, இருந்தாலும் பதிந்துவிடுங்கள், பின்னால் யாரும் போலி என்று எளிதில் சொல்ல முடியாது. அம்மா உங்களுக்கு முன்னால் போய்விட்டால் யாருக்கு என்பதையும் அதிலேயே எழுதுங்கள். தோழியும் அவர் மகளும் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டாம். ஃப்ளாட்டோடு நின்றுவிடாமல் வங்கிக் கணக்கு, வைப்புநிதி, நகை எல்லாவற்றையும் சேருங்கள். வங்கியில் நாமினி போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளத்தான், அது யாருக்குச் சேரும் என்பதை உயில்தான் சொல்லும். சாட்சிகள் உங்களைவிட வயதில் சின்னவர்களாக இருக்கட்டும்.